எழுபத்திரண்டு மணி நேரமும் தெருமுனை மருந்துக்கடையும்

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் புறநோயாளர் பிரிவின் வாயிலில் ஓர் இளம்பெண் காத்திருந்தார். செவிலியர் பயிற்சி பெற்று, நோயுற்ற முதியோரை அவர்களது இல்லத்திலேயே தங்கிக் கவனித்துக்கொள்ளும் பணியில் இருப்பவர். வியாழன் இரவு எட்டு மணியளவில், தமது நோயாளியிடமிருந்து இரத்தம் எடுத்த ஊசிக்கு மூடியிட முயன்றபோது அது அவரது இடது ஆள்காட்டி விரலில் ஆழமாகக் குத்திவிட்டது. அந்த நோயாளி எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர் என்பதும், சில மாதங்களாக மருந்தை நிறுத்தியிருந்தார் என்பதும் அவருக்குத் தெரியும்.

விரலைச் சோப்பிட்டுக் கழுவினார். அது சரியான செயல். பிறகு தெருமுனை மருந்துக்கடைக்குச் சென்று, ஊசி குத்திவிட்டது, எச்.ஐ.வி. வராமலிருக்க ஏதோ மாத்திரை உண்டாமே என்று தணிந்த குரலில் கேட்டார். கடைக்காரர் அந்தக் கேள்வியையே உள்ளே இருந்த பணியாளரிடம் உரத்த குரலில் திருப்பிக் கேட்டார். பண்டிகை நாளில் இருமல் மருந்துக்கும் தீப்புண் களிம்புக்கும் நின்றிருந்தவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். பதிலுக்குக் காத்திராமல் அப்பெண் வெளியேறிவிட்டார். இரண்டாவது கடையில் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் மருத்துவரின் சீட்டு வேண்டும் என்றார்கள். சீட்டு இருந்தாலும் அம்மருந்து தங்களிடம் இருப்பில் இல்லை என்றார்கள். வெள்ளியும் சனியும் அப்பகுதி மருத்துவர்கள் விடுமுறையில் இருந்தனர். ஞாயிறு, ஞாயிறு. வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள் என்று எவரிடமும் சொல்லவில்லை.

வியாழன் இரவு எட்டு மணியிலிருந்து திங்கள் காலை ஒன்பது மணி வரை 85 மணி நேரம். அந்த மருந்தைத் தொடங்குவதற்கான எல்லை 72 மணி நேரம்.

தொற்றுக்கு ஆட்பட்டபின் எடுத்துக்கொள்ளும் இந்தத் தற்காப்பு மருந்தைச் சுருக்கமாக 'பெப்' என்று அழைக்கிறோம். எச்.ஐ.வி. கிருமி உடலில் நுழைந்த கணத்திலேயே நிலையான குடியிருப்பை அமைத்துவிடுவதில்லை. நுழைந்த இடத்திலிருந்து நிணநீர்க் கணுக்களைச் சென்றடைந்து, உயிரணுக்களின் மரபுப்பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்ள அதற்குச் சிறிது காலம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் மருந்து இரத்தத்தில் இருந்தால் கிருமியின் பெருக்கம் தடைப்படுகிறது. முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்குவது மிகச் சிறந்தது. 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்கினால் பயன் எதிர்பார்க்க இயலாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்னும் மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். சிலருக்கு முதல் வாரத்தில் குமட்டலோ தலைவலியோ இருக்கும். பெரும்பாலும் அவ்வளவே.

எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக ஆயிரத்தில் மூன்று. இதை நாங்கள் அப்பெண்ணிடம் எடுத்துக் கூறினோம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அந்த மூன்றில் ஒருத்தியாக நான் இருந்தால் என்ன செய்வீர்கள் டாக்டர்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. பரிசோதனைகளும் காத்திருப்புமே மிஞ்சியிருந்தன. ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் வந்து இரத்தம் கொடுத்தார். மூன்று முறையும் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. அந்த ஆறு மாதங்களில் அவர் ஏழு கிலோ எடை இழந்திருந்தார். நோயால் அன்று, அச்சத்தால்.

அந்தக் கடைக்காரர்களைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. முதலாமவரின் குரல் உயர்ந்ததைத் தவிர அவர்கள் செய்தவற்றில் சட்டப்பிழை ஏதுமில்லை. எச்.ஐ.வி. மருந்துகள் மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாதவை. ஆண்டுக்கு ஒருமுறைகூட எவரும் கேட்காத மருந்தை முதலிட்டு வாங்கி அலமாரியில் வைக்க எந்த வணிகரும் விரும்பமாட்டார். ஆனால் அதைக் கேட்டு வருபவருக்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு பண்டிகை நாளிலும் இரவிலும் திறந்திருக்கும் என்ற ஒரு வாக்கியத்தையாவது சொல்ல அவர்களுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

இதைச் சொல்லும்போது எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ஏனெனில் இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறே நமது சென்னையில்தான் தொடங்குகிறது. 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்நாட்டில் முதன்முதலாக இக்கிருமி கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் நடுவண் அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதன் தொடக்க மையங்களுள் ஒன்றாக இருந்தது. கண்டறிதலிலும் சிகிச்சையிலும் முன்னே நின்ற நாம், தடுப்பு மருந்து ஒன்று உண்டு என்பதைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்ப்பதில் பின்தங்கிவிட்டோம்.

இன்னொரு தடுப்பு மருந்தும் உண்டு. ஆபத்து நேரும் முன்னரே நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் அதற்குப் 'பிரெப்' என்று பெயர். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் ஆகிய இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு இப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம், தொற்றுக்கான வாய்ப்பு மிகுந்த அனைவருக்கும் இதைப் பரிந்துரைத்தது. ஒழுங்காக உட்கொண்டால் இதன் காப்பு மிக உயர்ந்தது. ஒழுங்கின்றி உட்கொண்டால் காப்பும் அதற்கேற்பக் குறையும். இந்த மாத்திரைகளை இந்திய நிறுவனங்களே தயாரித்து உலகின் பல நாடுகளுக்கு அனுப்புகின்றன. டெனோஃபோவிருக்குக் கோரப்பட்ட காப்புரிமையை 2009-இல் நம் காப்புரிமை அலுவலகம் மறுத்ததும் அதற்கு வழிகோலியது. எனவே இங்கே மருந்துக்குப் பஞ்சமில்லை. அதை வேண்டுபவரின் கைக்கு அது சென்று சேரும் வழிதான் குறுகலாக இருக்கிறது.

அந்தக் குறுகல் எத்தகையது என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு மனைவி. கணவருக்குத் தொற்று உண்டு என்று தெரிந்து அப்போதுதான் சிகிச்சை தொடங்கியிருந்தோம். மனைவிக்குத் தொற்றில்லை. இருவரும் குழந்தை வேண்டும் என்று விரும்பினார்கள். கணவரின் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, அந்நிலை நீடித்தால் அவரிடமிருந்து உடலுறவின் வழி தொற்று பரவாது. அந்நிலையை எட்டச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை மனைவிக்குப் பிரெப் ஒரு பாலம் போன்றது. கென்யாவிலும் உகாண்டாவிலும் இத்தகைய 4,700-க்கும் மேற்பட்ட தம்பதியரிடம் நடத்தப்பெற்று 2012-இல் வெளியான ஆய்வில், இம்மாத்திரை தொற்றை 75 விழுக்காடு குறைத்தது. நாங்கள் சீட்டெழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதம் வந்தவர், தம் ஊர்க் கடையில் அந்தச் சீட்டை நீட்டவே இல்லை என்றார். "இந்த மாத்திரையைப் பார்த்தால் எனக்கே அந்த நோய் என்றுதானே நினைப்பார்கள்? கடைக்காரர் என் மாமியாருக்குத் தெரிந்தவர்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. சிகிச்சைக்கும் தடுப்புக்கும் ஒரே மருந்துகள் பயன்படுவதால், சீட்டைப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்த கடைகளில் இது சிறிய தடையன்று. மாதந்தோறும் பேருந்தில் நெடுந்தொலைவு வந்து எங்கள் மருந்தகத்திலேயே வாங்கிச் சென்றார். எல்லாராலும் அப்படி வர இயலுமா?

பிற நாடுகளில் இந்த முடிச்சை அவிழ்க்க எடுத்த முயற்சிகளைப் படித்தபோது, தொடக்கத்தில் எங்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2015 முதல் ஒரு மருந்துக்கடையிலேயே, மருத்துவர் ஒருவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில், மருந்தாளுநர்கள் பரிசோதனை செய்து பிரெப் தொடங்கிவைத்தனர். 2019-இல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டத்தின் வழி, பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் மருத்துவர் சீட்டின்றியே பெப் மருந்தையும், குறிப்பிட்ட நாட்களுக்கான பிரெப் மருந்தையும் வழங்க இடமளித்தது. செல்வம் மிகுந்த நாடு, அங்கே அது நடக்கும் என்று நாங்கள் ஒதுக்கிவிட்டோம்.

எங்கள் எண்ணத்தை மாற்றியது கென்யா. அந்நாட்டில் நம் ஊர் போலவே தெருவுக்குத் தெரு தனியார் மருந்துக்கடைகள். கருத்தடை மாத்திரைக்கும் பால்வினை நோய் மருந்துக்கும் இளைஞர்கள் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பதைவிட அங்கே செல்வதையே விரும்புகிறார்கள். அத்தகைய கடைகள் சிலவற்றில் ஆய்வாளர்கள் பிரெப் வழங்கிப் பார்த்தனர். வருபவரிடம் கேட்க வேண்டியவை அனைத்தும் அடங்கிய ஒரு கேள்விப் படிவம்; எச்.ஐ.வி. பரிசோதனை அங்கேயே, ஐயம் எழுந்தால் தொலைபேசியில் கலந்து பேச ஒரு மருத்துவ வல்லுநர். படிவத்தின் கேள்வி ஒன்றுக்குச் சரியான விடை கிடைக்கவில்லையெனில் மருந்து தரப்படாது, மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். இந்த எளிய ஏற்பாடு எங்களைக் கவர்ந்தது. கடைக்காரரை மருத்துவராக்க அவர்கள் முயலவில்லை. அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தெளிவாகக் கோடிட்டுக் கொடுத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கோடு வழக்குமன்றம் வரை சென்றது. சிறப்புப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் தடுப்பு மருந்தையும் முதற்கட்டச் சிகிச்சையையும் தொடங்கலாம் என்று 2021-இல் அந்நாட்டு மருந்தாளுநர் பேரவை அறிவித்தது. தனியார் மருத்துவர்களின் அமைப்பு ஒன்று அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2023 ஆகஸ்டில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. தொழிலின் எல்லையைக் காப்பதா, நோயாளியின் தொலைவைக் குறைப்பதா என்னும் அந்த வாதம் எங்கள் துறைக் கூட்டங்களிலும் நடந்ததுண்டு. எங்களுள் சிலர் முதல் பக்கத்திலேயே நின்றோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஓர் இளைஞர், நண்பர் ஒருவர் வழியாகச் சீட்டின்றியே பிரெப் மாத்திரைகளைப் பெற்று, எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளாமல் பல மாதங்கள் விழுங்கிவந்தார். காய்ச்சலுக்காக எங்களிடம் வந்தபோது செய்த சோதனையில் அவருக்குத் தொற்று இருந்தது. விவரங்களைக் கோத்துப் பார்த்ததில், மாத்திரை தொடங்கும் முன்னரே தொற்று ஏற்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. பிரெப் மாத்திரையில் இருப்பவை இரண்டு மருந்துகளே. தடுப்புக்கு அவை போதும். ஏற்கெனவே குடியேறிவிட்ட கிருமியை அடக்க அவை போதா. அரைகுறைத் தாக்குதலுக்கு ஆளான கிருமி அம்மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்கிறது. பிறகு சிகிச்சைக்கான மருந்தைத் தேர்வதும் கடினமாகிறது. அந்த இளைஞர் இன்று நலமாகவே இருக்கிறார். ஆயினும் சீட்டில்லாமலே நுண்ணுயிர்க்கொல்லி கிடைக்கும் நம் நாட்டுக் கடைகளில், இதுவும் அவ்வாறு கிடைக்கத் தொடங்கினால் என்னாகும் என்ற கவலை எங்களை விட்டு நீங்கவில்லை.

எனவேதான் இரண்டு மருந்துகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். பெப் மருந்தில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வருகிறது. அதன் முதல் மூன்று நாள் மாத்திரைகளையாவது ஊருக்கு ஒரு மருந்துக்கடையேனும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதும், தொலைபேசியில் மருத்துவரைத் தொடர்புகொண்டு முறையான சீட்டு பெற்று வழங்கும் வழி தெளிவாக்கப்பட வேண்டும் என்பதும் எங்கள் கருத்து. உலக சுகாதார நிறுவனமும் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெப் மருந்தை மருத்துவமனைக்கு வெளியே, சமூகத்தின் நடுவிலும் வழங்கலாம், மருத்துவர் அல்லாத நலப் பணியாளரும் அதில் பங்கேற்கலாம் என்று கூறியிருக்கிறது. பிரெப் மருந்தில் அத்தகைய அவசரம் இல்லை. தொடக்கம் மருத்துவரிடம் இருக்கட்டும். தொடர்ந்து வாங்குவது வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் இருக்கட்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை முடிவைக் காட்டினால் மட்டுமே அடுத்த டப்பா. இதைவிட எளிதாக்க வேண்டும் என்று சொல்வோரும் எங்கள் துறையிலேயே உண்டு.

பிரெப் தொடங்கும் முன் நாங்கள் ஏன் இத்தனை சோதனைகள் கேட்கிறோம் என்று சலித்துக்கொள்வோருக்கு ஒரு விளக்கம். எச்.ஐ.வி. சோதனையின் காரணத்தை மேலே சொல்லிவிட்டோம். டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் வழி வெளியேறுவது. எனவே சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு, குறிப்பாக நெடுநாள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு, அது ஏற்றதன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அதே மருந்து அடக்கிவைக்கும் என்பதால், அந்தத் தொற்று உள்ளவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி மூண்டெழக்கூடும். பிரெப் தொடங்கிய அன்றே காப்பு முழுமையடைவதில்லை; மருந்து உடலில் போதிய அளவு சேரச் சில நாட்கள் ஆகும். மேகப்புண், வெட்டை முதலிய பிற பால்வினை நோய்களை இது தடுக்காது. ஆணுறையின் இடத்தை இம்மாத்திரை எடுத்துக்கொள்ளவில்லை.

மாத்திரையை நாள்தோறும் நினைவில் வைப்பதும், டப்பாவை வீட்டில் ஒளித்து வைப்பதும் பெருந்தொல்லை என்று பலர் கூறுவர். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசி 2021-இலும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடும் லெனகபாவிர் ஊசி 2025 ஜூனிலும் அமெரிக்காவில் தடுப்புக்கு ஒப்புதல் பெற்றன. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் லெனகபாவிர் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களுள் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்ற செய்தி 2024-இல் வந்தபோது, அந்த எண்ணை நாங்கள் இருமுறை படித்தோம். இதன் பொதுப்பெயர் மருந்தைத் தயாரிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களுள் இந்திய நிறுவனங்களும் உள்ளன. ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலர் விலையில் 2027 முதல் பல நாடுகளுக்கு அது கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு இருமுறை மட்டும் போடும் ஊசியெனில், அதைப் போட்டுக்கொள்ளும் இடம் எங்கே என்ற கேள்வி மறுபடியும் எழும். அதற்குள் நம் மருந்துக்கடைகள் ஆயத்தமாக வேண்டும்.

இனி, இன்றைக்கு நம் ஊரில் உள்ளதைச் சொல்கிறோம். ஊசி குத்தினாலோ, இரத்தம் கண்ணில் தெறித்தாலோ, பாதுகாப்பற்ற உடலுறவு நேர்ந்தாலோ, குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், சாராயமோ கிருமிநாசினியோ ஊற்றாதீர்கள். தோலைச் சோப்பும் நீரும் கொண்டும், கண்ணைத் தூய நீர் கொண்டும் கழுவிவிட்டு, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே வாருங்கள். 'நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்' என்று நள்ளிரவில் நினைக்காதீர்கள். பணியிடத்தில் இவ்வாறு நேர்ந்தவர்களுக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் பெப் மருந்து கட்டணமின்றி வழங்கப்படுகிறது. வன்முறைக்கு ஆளானவருக்கு முதல் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையும் இலவசமாக அளித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் உள்ளன. 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் பேசலாம். ஒருவரது எச்.ஐ.வி. நிலையை நம்பிக்கையின் பேரில் அறிந்தவர் அவரது ஒப்புதலின்றி அதை வெளியிடலாகாது என்று, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் கூறுகிறது. அதையும் அறிந்து வைத்திருங்கள்.

எங்கள் மருத்துவமனையிலும் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். தரைத்தளத்தில் இரவும் பகலும் திறந்திருக்கும் மருந்தகத்தில் பெப் மருந்தின் முதல் மூன்று நாள் பொதி எப்போதும் இருப்பில் இருக்கும். அவசரப் பிரிவின் பணி மருத்துவர் சீட்டெழுதியதும் அங்கேயே முதல் மாத்திரையை விழுங்கிவிடலாம். மற்ற சோதனைகள் பிறகு. மருந்தின் டப்பாவை மூடிய காகித உறையில் இட்டுத் தருகிறார்கள். சுற்றுப்புறக் கடைகளின் மருந்தாளுநர்கள் சிலரையும் அழைத்து ஒரு மாலை பேசினோம். நான்கு பேர் வந்தார்கள். இருபது பேரை எதிர்பார்த்திருந்தோம். வந்தவர்களில் ஒருவர், கேட்டு வருபவர் வாய்திறந்து சொல்லும் வரை தமக்கும் அது தர்மசங்கடமே என்றார்.

அதற்கு வழி சொன்னவர் முதலில் நாம் குறிப்பிட்ட அந்த இளம்பெண்தான். ஆறாவது மாதச் சோதனை முடிவை வாங்க வந்தபோது, வாய்திறந்து சொல்லாமல் காட்டுவதற்கு ஓர் அட்டை இருந்தால் தாம் அன்றிரவு முதல் கடையைவிட்டு ஓடியிருக்கமாட்டார் என்றார். அச்சிட்டுவிட்டோம். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை அட்டை. 'எனக்குப் பெப் மருந்து உடனே தேவை. உங்களிடம் இல்லையெனில், திறந்திருக்கும் அவசரப் பிரிவு எது என்று எழுதிக் காட்டவும்' என்ற இரண்டு வரிகளும், கீழே எங்கள் மருந்தகத்தின் எண்ணும் மட்டுமே அதில் உள்ளன. நோயின் பெயர் இல்லை. இரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே குடிநீர்க் குழாயின் அருகில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். எவரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு நோயாளியைக் கவனிக்கும் பணியாளருக்கும் ஒன்று சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.